ராய்ஸ் மான் சுட்ட இடம்

“சாவுக்கு வந்த இடத்துல கேக்கற கேள்வியா இது? வாயை மூடிக்கிட்டு வா, வெர்லின்” என்று கிளாடிஸ் தன் கணவனின் கோட்டுக் கையைப் பிடித்து இழுத்தாள்.

வெர்லின் நகர்ந்தால்தானே! ஒரு கையில் கேக், இன்னொரு கையில் காபி. எதிரே, சர்ச் ஹாலின் சமையலறையில், மேவிஸ் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் கணவன் ராய்ஸை அப்போதுதான் அடக்கம் செய்துவிட்டு வந்திருந்தார்கள்.

ராய்ஸ் குதிரைகளுக்கு லாடம் அடிப்பவன். பள்ளத்தாக்கில் அவன் கை படாத குளம்பே கிடையாது. வேலை இல்லாத நாளில் ஆளை வீட்டில் பார்க்க முடியாது. தூண்டிலையோ துப்பாக்கியையோ எடுத்துக்கொண்டு காட்டுக்குக் கிளம்பிவிடுவான். வருஷம் தவறாமல், வேட்டை சீசன் தொடங்கும் முதல் நாளே, கொம்பு விரிந்த ஆண் எல்க் மான் ஒன்று அவன் வண்டியின் பின்னால் கிடக்கும். எங்கே சுட்டான் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது.

எங்கள் மொன்டானாவில் ஒருவனிடம் எத்தனை கல்யாணம் பண்ணினாய் என்று கேட்கலாம். ஓட்டு யாருக்குப் போட்டாய் என்றுகூடக் கேட்கலாம். மான் சுட்ட இடத்தைக் கேட்கக் கூடாது. கூடப் பிறந்தவனே சொல்ல மாட்டான்.

“சனிக்கிழமை சீசன் ஆரம்பம், மேவிஸ். எனக்கு இதுதான் கடைசி. ஜனவரில முட்டி ஆபரேஷன். அப்புறம் மலைப் பக்கமே தலைவெச்சுப் படுக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். வாழ்க்கையில நான் ஒரு ஆண் எல்க்கூட சுட்டதில்ல. ஒண்ணே ஒண்ணு சுட்டுட்டா போதும், மிச்ச காலத்தை நாற்காலிலேயே ஓட்டிடுவேன்.”

“சொன்னா நீ ராய்ஸைத் திட்டுவே.”

“நானா? ராய்ஸையா?” வெர்லின் கேக்கைக் கீழே வைத்துவிட்டான். “கடைசியா நான் ஆஸ்பத்திரிக்கு அவனைப் பாக்கப் போனப்பகூட என்னைச் சிரிக்க வெச்சுத்தானே அனுப்பினான்! மூக்குல குழாயோட படுத்திருக்கான், நர்சோட ஷூவைப் பாத்துட்டு, ‘ஒரு பக்கமா தேயுது பாரும்மா, காலைத் தூக்கு, சரி பண்ணிடலாம்’ங்கறான். அந்தப் பொண்ணு பயந்து ஓடிடுச்சு.”

மேவிஸுக்குச் சிரிப்பு வந்தது. “அதையே டாக்டர்கிட்டயும் சொல்லியாச்சு.”

“அவனை யாராவது திட்டுவாங்களா? நான் இன்னிக்கு சர்ச்ல பேசினதுல ஒரு வார்த்தை பொய் இல்ல. சீசன் வந்தா ஊர்ல எல்லாருக்கும் குதிரைக்கு லாடம் மாத்தணும். எல்லாரும் அவனைத்தான் கூப்பிடுவாங்க. அவன் முதல்ல யார் வீட்டுக்கு வருவான்? என் வீட்டுக்கு! காய்ச்சலோட வந்திருக்கான். என் கோவேறு கழுதை தொடையில உதைச்சும், நொண்டிக்கிட்டே நாலு காலையும் முடிச்சுக் குடுத்தான். பனியில சறுக்காத ஆணி லாடம்கூட எனக்குத்தான் முதல்ல.”

“போதும் வெர்லின், கிளம்பு” என்றாள் கிளாடிஸ்.

“இரு, பேச விடு. லாடம் அடிச்சுட்டு என்ன சொல்வான் தெரியுமா? ‘இதைப் போட்டுக்கிட்டு அடிவாரத்துலயே சுத்தாதே. கணவாயைத் தாண்டி அந்தப் பக்கம் போ. பெரிய மானெல்லாம் அங்கதான்’னு. இந்த ஊர்ல வேற எவன் இப்படி வாய் திறந்து சொல்லுவான்? எனக்குத்தான் ராசி இல்ல. அத்தனை நாளும் கூடாரத்துல நடுங்கிட்டு வெறுங்கையோட வருவேன். வந்து பாத்தா வீட்டு ஃப்ரீஸர்ல ஒரு முழு மான் தொடை! ராய்ஸ் கொண்டுவந்து வெச்சுட்டுப் போயிருப்பான். என் மனசு கஷ்டப்படக் கூடாதாம்.”

மேவிஸ் குனிந்துகொண்டாள். தோள்கள் குலுங்கின. சர்ச்சில் அவன் பேசியபோதும் இந்த மான் தொடைக் கதை வந்தபோதுதான் அவள் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டாள். பாதிரியாரே எழுந்து வந்து தண்ணீர் கொடுத்தார்.

“பாரு, மறுபடியும் அழ வெச்சுட்டே!” என்று கிளாடிஸ் பல்லைக் கடித்தாள்.

“அழட்டும், அவளுக்கும் பாரம் குறையும். மேவிஸ், அந்த இடத்தைச் சொல்லிடு. அவன் நின்ன இடத்துல நானும் ஒரு தடவை நிக்கணும். எவ்வளவு உயரம்னாலும் சரி, தவழ்ந்தாவது ஏறிடறேன்.”

மேவிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். ராய்ஸ் போனதிலிருந்து அவள் முகம் இவ்வளவு தெளிவாக இருந்து யாரும் பார்க்கவில்லை. அவள் வெர்லினை விட்டுவிட்டு கிளாடிஸைப் பார்த்தாள்.

“இதுக்கு மேல என்னால முடியாது. நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?”

“இவகிட்ட என்ன கேக்கறே?” என்றான் வெர்லின். “துப்பாக்கியை எந்தப் பக்கம் பிடிக்கணும்னே இவளுக்குத் தெரியாது!”

கிளாடிஸ் அவன் கோட்டை விட்டுவிட்டு ஓர் அடி தள்ளி நின்றுகொண்டாள்.

“நம்ம கொட்டகைக்குப் பின்னாடி இருக்கற வைக்கோல் போர்தான், வெர்லின். நீ கணவாயைத் தாண்டினதும் மான் கூட்டம் அங்க மேய வந்துடும், நான் ராய்ஸுக்கு ஒரு போன் போட்டுடுவேன்.”