ஏழாம் நம்பர் மலை

நாற்பது பிள்ளைகளுக்கு அம்மை குத்தியாயிற்று. நாற்பத்தொன்றாவது பிள்ளையைக் காணவில்லை.

தேயிலைத் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் லியனார்ட் ஐயாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. நாளைக்கு டிக்கோயாவிலிருந்து பெரிய டாக்டர் பதிவேட்டைப் பார்க்க வருகிறார். ஒன்றுகூட விடுபடாது என்று துரையிடம் பெருமையடித்தாகிவிட்டது.

விடுபட்ட பெயர் அழகன், வயது இரண்டு. ஐயாவே தன் கையால் எழுதிய பதிவேடு, தப்பாக இருக்குமா? வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பரா ஆயா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கையைக் காட்டி அடக்கிவிட்டு, தாய் வேலாயியைக் கொழுந்து பறிக்கிற இடத்திலிருந்து வரவழைத்தார்.

இந்த ஜனங்களை அவருக்குத் தெரியாதா? காலையில்தான் ஒரு பிள்ளையைக் கோழிக்கூட்டுக்குள்ளிருந்து இழுத்து எடுத்தார். ஊசி குத்தினால் மாரியாத்தா கோபித்துக்கொள்வாளாம்.

பிள்ளையை எங்கே ஒளித்திருக்கிறாய், சொல்லாவிட்டால் இன்றைக்குப் பேர் வெட்டு, சம்பளம் கிடையாது என்று அதட்டினார்.

"ஒளிக்கலைங்கய்யா. ஏழாம் நம்பர் மலையில இருக்கான்," என்றாள் வேலாயி.

வரிசையில் நின்ற பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். குட்டு உடைந்துவிட்டது என்று ஐயா நினைத்தார். பச்சைப்பிள்ளையை அட்டைக்கடியில் தேயிலைக்குள் விட்டுவைக்கிற தாயும் உண்டா என்று எல்லோர் காதிலும் விழும்படி கேட்டார்.

அவளை முன்னால் நடக்கவிட்டு, ஊசிப்பெட்டியோடு தானே மலை ஏறினார். பளபளப்புச் சப்பாத்து சேற்றில் புதைந்தது. அட்டை ஒன்று காலுறைக்குள் புகுந்து விருந்து சாப்பிட்டது. மூச்சு வாங்க வாங்க, சுத்தம், அறிவு, நாகரிகம் என்று அவள் முதுகுக்குப் பிரசங்கம் செய்தார். அவள் திரும்பவே இல்லை.

தேயிலை வரிசை முடிகிற இடத்தில் வேலாயி நின்று கூடையை இறக்கினாள். காலடியில் இரண்டு முழ நீளத்துக்கு ஒரு மண்மேடு. சுற்றிலும் கல் வைத்திருந்தது.

ஐயா ஊசிப்பெட்டியைக் கீழே வைத்தார். ஆடி மழையில் தொழிலாளர் லயத்துப் பிள்ளை ஒன்று இருமி இருமிச் செத்துப்போனதாக யாரோ சொன்னது நினைவுக்கு வந்தது. எந்தப் பிள்ளை என்று அன்றைக்கு அவர் கேட்கவில்லை.

வேலாயி அழவில்லை.

"அன்னைக்கு ரெண்டு தடவ ஆள் அனுப்புனோங்கய்யா, மழைன்னுட்டீங்க," என்றாள். "இன்னைக்காச்சும் வந்தீங்களே."