பார்த்து வரைந்த படம்

“வண்டியை உட்டு எறங்கிப்போடாத சாமி. வாங்க வந்தவிங்க மாட்டைச் சுத்திப் பார்த்தாச்சு, அது போதும். இனிமே ஒருத்தரையும் கிட்ட அண்ட உடாதே, மெரண்டுபோகும்.” அப்புசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“சரிங்கப்பா” என்றான் தங்கசாமி, தாளிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“இந்தக் கிறுக்கலுக்காகத்தான் நல்ல காளையை விக்கறேன். குடியானவன் ஊட்டுல பொறந்து, மாட்டைப் பத்தி ஒரு எழவும் தெரியாத புள்ளை!”

அவர் சந்தையின் வேப்பமரத்தடிக்குப் போனார். அங்கே நாமகிரிப்பேட்டைக்காரர் ஒருவர் தரகருடன் காத்திருந்தார். விலை படிந்தால் தங்கசாமி சென்னைப் பட்டணத்துச் சித்திரப் பள்ளிக்கு ரயில் ஏறலாம்.

ஆனால் பள்ளி அவனை எடுத்துக்கொள்ள வேண்டுமே! போன வருஷம் அவன் அனுப்பிய காளைப் படம் திரும்பி வந்துவிட்டது. ‘இது பார்த்து வரைந்ததல்ல’ என்று அதன் மூலையில் பள்ளிக்கூடத்துத் துரை எழுதியிருந்தார். பார்த்துத்தானே வரைந்தோம்? ஒரு வருஷம் யோசித்தும் அவனுக்கு விளங்கவில்லை. மறுபடியும் அதே காளை, அதே பென்சில். இந்தத் தடவையும் திரும்பி வந்தால் அப்பா ஏரைத்தான் கையில் கொடுப்பார்.

வைக்கோல் வண்டியின் மேல் உட்கார்ந்து, வண்டியை ஒட்டி நின்ற காளையின் இடப்பக்கத்தைப் பார்த்துப் பார்த்து வரைந்துகொண்டிருந்தான். வெயிலில் அதன் உடம்பு பளபளத்தது.

“ஏனுங்க தம்பி, இது எந்த ஊரு மாடுங்க?”

வண்டியின் மறுபக்கம் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். பச்சைச் சீலை. அவனைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருக்கலாம். அவள் நின்ற இடத்திலிருந்து படம் தெரியும்; வைக்கோல் மறைத்ததால் காளை தெரியாது.

“எங்க மாடுதானுங்க. இந்தப் பக்கம் நிக்குது.”

“எனக்கென்னமோ தீப்பெட்டியில ஒட்டுன மாடாட்டம் இருக்குது.”

தங்கசாமிக்குச் சுருக்கென்றது. “இது பட்டணத்துப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பற படமுங்க அக்கா.”

“அதான் சொல்றேன். கொம்பு ரெண்டும் ஒரே அளவா இருக்குதே? ஒரு வயித்துல பொறந்த புள்ளைங்களே ஒண்ணாட்டம் இருக்கறதில்லை.”

அவன் நிமிர்ந்து பார்த்தான். வலது கொம்பு நுனியில் லேசாக உள்ளே வளைந்திருந்தது. ஆறு வருஷமாக வீட்டில் நிற்கிற மாடு. இன்றுதான் அது கண்ணில் பட்டது. அழித்துவிட்டுத் திரும்பப் போட்டான்.

“இப்ப கொஞ்சம் தேவலை. நெத்தி?”

“நெத்தியில ஒண்ணுமில்லீங்க.”

“ஒண்ணுமில்லாம இருக்குமா? மயிரு எப்படிப் படிஞ்சிருக்குதுன்னு பார்த்துப் போடுங்க. முதுகையும் பாருங்க.”

நெற்றியைப் பார்த்தான். முதுகைப் பார்த்தான். கோடு கோடாகப் போட்டான். தாளில் தோல் தோலாகத் தெரிய ஆரம்பித்தது. கை தானாக வேகம் பிடித்தது.

“நீங்களும் படம் போடுவீங்களாக்கா?”

“நல்லா கேட்டீங்க போங்க! பொம்பளைக்குச் சந்தையில என்ன வேலைன்னு மாட்டுக்கிட்டவே அண்ட உடறதில்லை. இதாவது பார்க்கலாம்னு நின்னேன்.” சிரித்தாள். “பொறவு ஏன் தொடையை மட்டும் மொட்டையா உட்டுப்போட்டீங்க?”

“அங்க வெறும் மயிருதானுங்க.”

“நெத்திக்கும் அதானே சொன்னீங்க?”

அவன் குனிந்து இடது தொடையை உற்றுப் பார்த்தான். மயிர் நேராகக் கீழே படிந்திருந்தது போலத்தான் இருந்தது. இன்னும் உற்றுப் பார்த்தான். ஓரிடத்தில் மட்டும் அது படியாமல் ஒரு புள்ளியைச் சுற்றிச் சுழன்று போயிற்று. அடடா! இதையும் இத்தனை வருஷம் பார்க்கவில்லையே. மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு இழையாக அந்தச் சுழியை வரைந்தான்.

அவள் சிரிப்பு நின்றுவிட்டது.

“தம்பி, இது நெசமாலுமே அப்படி இருக்குதுங்களா? அழகுக்குப் போட்டதில்லையே?”

“சத்தியமாங்க அக்கா! இல்லாதது ஒண்ணுகூடப் போடலை.”

வெகுநேரம் படத்தையே பார்த்தாள். “உங்களை அந்தப் பள்ளிக்கூடத்துல எடுக்கலீன்னா, அவிங்களுக்குக் கண்ணு அவிஞ்சுபோச்சுன்னு அர்த்தம்” என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்தாள்.

தங்கசாமி படத்தைத் தூரமாகப் பிடித்துப் பார்த்தான். ‘பார்த்து வரைந்ததல்ல’ என்று இனி எந்தத் துரையும் எழுத முடியாது. அவனுக்கே நம்ப முடியவில்லை.

கொஞ்ச நேரத்தில் அப்புசாமி தொங்கிய முகத்தோடு வந்தார்.

“போச்சு சாமி. நாமகிரிப்பேட்டைக்காரரு துண்டுக்கடியில வெரலைப் புடிச்சு வெலையை முடிச்சுட்டாரு. அதுக்குள்ள அவரு சம்சாரம் வந்து காதுல என்னமோ சொன்னா. மனுசன் வெடுக்குனு கையை உருவிக்கிட்டாரு.”

“என்ன சொன்னாங்களாம்?”

“எடது தொடையில சுழியாம். அது இருந்தா வாங்கறவன் பொண்டாட்டி தங்கமாட்டாளாம்! உங்கம்மா ஆறு வருசமா ஒரு தலைவலின்னுகூடப் படுக்கலை. இருந்தாலும் எதுக்கு வம்புன்னு, தரகன் கண்ணுக்கே சிக்காம வெளக்கெண்ணெய் போட்டு நீவி உட்டிருந்தேன். மாட்டுக்கிட்டவே வராத பொம்பளைக்கு எப்படிடா தெரிஞ்சுது?”

தூரத்தில் நாமகிரிப்பேட்டை வண்டியில் பச்சைச் சீலை ஒன்று ஏறிக்கொண்டிருந்தது.

அப்புசாமி அவன் மடியிலிருந்த தாளை எடுத்தார். கொம்பிலிருந்து விரலை ஓட்டிக்கொண்டே வந்தவர், தொடையில் நிறுத்தினார். தாளைப் பார்த்தார், காளையைப் பார்த்தார், மறுபடியும் தாளைப் பார்த்தார்.

“இதையே பட்டணத்துக்கு அனுப்பு சாமி, கட்டாயம் எடுத்துக்குவாங்க” என்றார் மெதுவாக. “அடுத்த சந்தைக்கு எருமையை ஓட்டியாறேன், ஆனா நீ மட்டும் ஊட்டுலயே இரு!”