முதலில் பார்த்தவர்

“பார்த்துட்டேன்! நுப்தா, ஓடி வாடி! இஷ்தார் வந்துட்டா!”

மொட்டைமாடியில் ரிமூத் குதித்த குதியில் வீடே அதிர்ந்தது. பாபிலோன் அரசருக்கு வானம் பார்த்துச் சொல்பவர் அவர். மேற்கே மறைந்து எட்டு நாளாகக் காணாமல் போயிருந்த, இஷ்தார் தேவியின் கோளான வெள்ளி, இன்று விடியலில் கிழக்கே ஒரு கணம் கண்சிமிட்டிவிட்டுப் போயிருந்தது. பழகிய கண்ணுக்குத்தான் அது படும்.

“போர்சிப்பா ஊருல வானம் பார்க்கிற சூலாவோட மூக்கை இந்தத் தடவை உடைச்சேன் பாரு! போன அஞ்சு தடவையும் அவனே முதல்ல பார்த்துச் சொல்லி அரசர் கையால ஊதா அங்கி வாங்கினான். பிள்ளையா குட்டியா? ஒண்டிக்கட்டைக்கு எதுக்குடி அத்தனை அங்கி?”

ஈரக் களிமண் பலகையில் எழுத நாணலை எடுத்தவரின் கையை மனைவி நுப்தா வெடுக்கென்று பிடித்தாள்.

“புத்தி பேதலிச்சுப் போச்சா உங்களுக்கு? சாயங்காலம் வந்தா அவ கல்யாணம் கொடுக்கிற தாயி. விடியக்காலையில வந்தா சண்டைக்காரி! நீங்க எழுதினதும் போருக்கு நல்ல சகுனம்னு அரசர் படை கிளம்பிடும். முன்வரிசையில வில்லோட நிக்கிறது யாரு? நம்ம பிள்ளை பானியா!”

ரிமூத் நாணலைக் கீழே வைத்தார்.

“மூணே நாளு மறைச்சிடுங்க. அதுக்குள்ள ஆத்துல வெள்ளம் வந்துட்டா இந்த வருஷம் போரே கிடையாது.”

“சூலா விடுவானா? அவனுக்குக் கழுகுக் கண்ணு. அவன் ‘பார்த்தேன்’னு எழுதி, நான் ‘மேகம்’னு எழுதினா, பிள்ளையும் போவான், என் தலையும் போகும்!”

வானம் கழுவித் துடைத்த தட்டாகக் கிடந்தது. ரிமூத் இஷ்தாரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே, ‘மேகம். ஒன்றும் தெரியவில்லை’ என்று எழுதி முடித்தார்.

போர்சிப்பாவில் சூலாவின் முத்திரையிட்டு மூடிய பலகையை வாங்கிக்கொண்டு, மதியம் அரண்மனைத் தூதன் வந்து சேர்ந்தான்.

“சூலா என்னப்பா எழுதியிருக்கான்?” என்று ரிமூத் கேட்டார்.

“எனக்குப் படிக்கத் தெரியாதுங்களே. ஆனா சத்தமா சொல்லிக்கிட்டேதான் எழுதினாரு. அங்கயும் மேகமாம். வழியெல்லாம் வெயில் மண்டையைப் பிளக்குது, மேகத்தை எங்க பார்த்தாரோ!”

நுப்தா கணவரின் தோளை இறுகப் பற்றிக்கொண்டாள்.

“உங்களுக்கு ஒரு சேதியும் சொன்னாருங்க.”

“என்னவாம்?”

“‘எங்க ஊரு மேகம் மூணு நாளைக்குக் கலையாது. அதுக்குள்ள பானியாவுக்குப் பொண்ணு பாரு. மாப்பிள்ளைக்குப் போட என்கிட்ட அஞ்சு அங்கி சும்மாத்தான் கிடக்கு’ன்னாரு.”