நலன்விரும்பியின் பெட்டிசம்

கஸ்பர் மூன்றாந்தரமும் ஸ்ரேடியம் ஒபிசுக்குள் போய்வருவதை ஜனார்த்தன் தன் இரண்டு கண்ணாலும் கண்டான். கையில் ஒரு பைல் வேறு.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாய் மனைவி சாம்பவியிடம் கொட்டினான்.

"பாத்தீரே, நான் சொன்னனான்தானே! உந்த மனுசன் ஏதோ சுத்துமாத்துப் பண்ணுது."

"என்ன சுத்துமாத்து? வேலை கீலை கேட்டுப் போயிருப்பார்."

"ஐம்பது வயசிலை பந்து பொறுக்கிற வேலையோ? சும்மா இருமப்பா!"

விசயம் இதுதான். ஸ்காபரோவில் நம்மாட்களின் ஊர்ச் சங்கங்கள் இருபது வருசமாய்ப் பந்தடித்த பார்க், இப்போது பெரிய ஸ்ரேடியம். புதிதாய் ஒரு புரொபெசனல் ரீம் வருகிறதாம். எண்ணாயிரம் கதிரை, கண் கூசுகிற லைற். சங்கங்கள் எல்லாம் பந்தையும் தூக்கிக்கொண்டு தூரத்துப் பிறம்ரன் வரை அலைகின்றன.

அக்கம்பக்கத்து வாயை மூட, நிர்வாகம் ஒரேயொரு ஞாயிற்றுக்கிழமையைத் தருவதாகச் சொல்லியிருந்தது. ஒரு நாள், ஒரு சுற்றுப்போட்டி. ஒரு சங்கத்துக்குத்தான்.

நம்மாட்கள் செத்தவர் ஒருவரின் பேர் இல்லாமல் சுற்றுப்போட்டி வைப்பார்களா? சங்கத்துக்கு ஒரு ஞாபகார்த்தக் கிண்ணம் இருக்கும். ஜனார்த்தனின் சங்கத்துக் கிண்ணம் அவன் தம்பி நிதுசனின் பேரில்.

பதினொரு வருசத்துக்கு முன் அந்த பார்க்கில்தான், பந்தோடு ஓடிய நிதுசன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். பிறகு எழும்பவேயில்லை. இருபத்திநாலு வயசு. அவன் விழுந்த அந்த மண்ணில் இன்னும் ஒரேயொரு தரமாவது அவன் பேரில் பந்து உருளவேண்டும். ஜனார்த்தனுக்கு இப்போது வேறு ஆசை கிடையாது.

கஸ்பரோ பக்கத்து ஊர்ச் சங்கத்தின் தலைவர். அவரிடமும் ஒரு கிண்ணம் இருந்தது, தகப்பனின் பேரில்.

"அந்த நாளைத் தன்ர அப்பாவுக்கு அமத்தத்தான் ஆள் நிக்குது. மற்றச் சங்கத்துக்கு ஒரு மூச்சு விட்டதே?"

"நேரை கேளுங்கோவன். வாயென்ன வாடகைக்கோ?"

"கேட்டா, ஓம் கள்ளவேலைதான் எண்டு சொல்லுவாரே?"

ஆனாலும் அடுத்தநாள் பிளாசாவில் மரக்கறிக் கடை வாசலில் கஸ்பரைக் கண்டதும் மெல்லப் போட்டுப் பார்த்தான்.

"என்ன அண்ணை, ஸ்ரேடியப் பக்கம் அடிக்கடி காணுறன்?"

கஸ்பரின் முகம் ஒரு மாதிரியாகிவிட்டது. "அது... சும்மா தம்பி, எப்பிடிக் கட்டியிருக்கிறாங்கள் எண்டு பாக்கப் போனனான். அவசரமா நிக்கிறன், பிறகு கதைப்பம்."

முருங்கைக்காயைக் கார் சீற்றில் எறிந்துவிட்டு மனிதர் பறந்தே விட்டார்.

இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? என்ர தம்பி செத்த இடத்திலை இவர் தன்ர கொப்பருக்குக் கிண்ணம் தூக்குவாரோ!

நம்மாட்களுக்கு ஒருவனில் சந்தேகம் வந்தால் முகத்துக்கு நேரே கேட்க வராது, பெட்டிசம் போடத்தான் வரும். கடல் கடந்தும் அந்தக் குணம் மட்டும் விசா எடுத்துக்கொண்டு கூடவே வந்துவிட்டது. முந்திக் கள்ளப்பேரில் கடிதம், இப்போது கள்ளப்பேரில் ஈமெயில், அவ்வளவுதான்.

அன்று பின்னேரமே ஸ்ரேடியம் நிர்வாகத்துக்கு ஒன்று அடித்து முடித்தான். 'கஸ்பர் என்பவர் எவருடைய சம்மதமும் இல்லாமல், தமிழ்ச் சங்கங்களின் பேரைச் சொல்லித் திரிகிறார். இவர் தரும் விண்ணப்பத்தை நம்பி ஏமாறவேண்டாம்.' கீழே, 'இப்படிக்கு, ஒரு நலன்விரும்பி.'

அனுப்பியதும் நெஞ்சில் இருந்த பாரம் இறங்கின மாதிரி இருந்தது. சாம்பவியிடம் மூச்சும் விடவில்லை.

நாலாம் நாள் பின்னேரம் வீட்டு மணி அடித்தது. வாசலில் கஸ்பர், அதே பைலோடு. முகம் செத்துப்போயிருந்தது.

'ஆ, பிடிபட்டுப்போனார்!' என்று ஜனார்த்தன் உள்ளுக்குள் துள்ளினான். வெளியே, "வாங்கோ அண்ணை, இருங்கோ" என்றான்.

"ஜனா, நான் உன்னட்டை ஒரு விசயம் மறைச்சுப்போட்டன். குறை நினைக்காதை."

"என்ன விசயம் அண்ணை?"

கஸ்பர் பைலை விரித்து அவன் மடியில் வைத்தார். ஸ்ரேடியத்தின் விண்ணப்பப் படிவம். மேலே கொட்டை எழுத்தில், 'அமரர் நிதுசன் ஞாபகார்த்தக் கிண்ணம்'.

ஜனார்த்தன் அதை இரண்டுதரம் வாசித்தான்.

"அப்பான்ர கிண்ணத்தை எந்த மூலையிலையும் வைக்கலாம் தம்பி. அண்டைக்கு எதிர்ப்பக்கம் கோலுக்குள்ளை நிண்டது நான்தானே. அவனை ஓடிப்போய்த் தூக்கினதும் நான்தான். இண்டைக்கும் அந்தப் பாரம் கையிலை கிடக்குது." கஸ்பர் கண்ணைத் துடைத்தார். "சங்கங்களைக் கூட்டினா ஆற்றை பேர் எண்டு அடிபட்டே நாள் போயிடும். சரிவராட்டி நீ உடைஞ்சுபோவாய் எண்டுதான் உனக்கும் சொல்லேல்லை. எல்லாம் கைகூடி வந்ததடா. அதுக்குள்ளை ஆரோ ஒரு பாவி எனக்கெதிராப் பெட்டிசம் போட்டிட்டான்!"

தேத்தண்ணியோடு வந்த சாம்பவி புருசனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

"நாளைக்கு நாலு மணிக்கு முதல் மறுப்புக் குடுக்காட்டி அந்த நாளை வேறை ஆக்களுக்குக் குடுத்திடுவினமாம்."

கஸ்பர் அவன் கையைப் பிடித்தார்.

"அந்தப் பெட்டிசம் முழுப்பொய், போட்டவன் ஒரு பொறாமைக்காரன் எண்டு நீ ஒரு கடிதம் எழுதித் தா ஜனா. நிதுசன்ர சொந்த அண்ணன் சொன்னா ஆர் நம்பாமல் விடப்போகினம்?"