கையெழுத்துக்கு முன்னால் ஒரு கேள்வி

அம்மா கறுப்புக் கண்ணாடியைக் கழற்ற மறுத்துவிட்டார்.

வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. சூரியனைக் கண்டு எத்தனையோ நாளாகிறது. முகக்கவசமும் கறுப்புக் கண்ணாடியுமாக கிளினிக்கின் மூலைக் கதிரையில் அவர் ஒடுங்கி இருந்த இருப்பைப் பார்த்தால், பார்க்காமல் போகிறவனும் நின்று திரும்பிப் பார்ப்பான்.

பக்கத்தில் இருந்த மகள் துவாரகா, தெரிந்த முகம் ஏதும் வருகிறதா என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கனடாவின் மில்லிக்கனில், கிளினிக் இருந்த பிளாசா என்ற கடைத்தொகுதியின் ஒரு பக்கம் கொத்துரொட்டிக் கடை, மறுபக்கம் நகைக்கடை. இரண்டும் எங்கள் ஆட்களுடையவை. சந்திரவதனாவின் மகள் கஞ்சாவுக்கு டொக்டரிடம் போனாள் என்று ஒருவர் கண்டால் போதும், வெள்ளிக்கிழமை கோயில் அன்னதானத்தில் சோற்றுக்கு முன்னால் இந்தக் கதையைத்தான் பரிமாறுவார்கள்.

இந்த ஊரில் பத்தொன்பது வயதானால் கஞ்சாவைச் சட்டப்படி கடையில் போய் வாங்கலாம். துவாரகாவுக்கு இருபத்திரண்டு. கார் விபத்துக்குப் பிறகு முதுகின் அடியில், நாரியிலிருந்து கால்வரை இறங்கும் நரம்புவலி அவளை விட்டபாடில்லை. ஆஸ்பத்திரியில் விழுங்கக் கொடுத்த குளிசைகள் எதற்கும் வலி அசையவில்லை. சிநேகிதி நிலாணி ரகசியமாகத் தந்த கஞ்சா எண்ணெயை நாக்கின் கீழ் விட்ட அன்றுதான் அவள் விடியும்வரை தூங்கினாள்.

அன்றிரவு அம்மா அடிக்கடி வந்து கதவைத் திறந்து பார்த்தாராம். காலையில், இரவு யாரோடாவது கதைத்தாயா என்று துருவித் துருவி விசாரித்தார். ஏதோ பெடியன் விஷயமாக்கும் என்று துவாரகா நினைத்துச் சிரித்தாள். மத்தியானம் எண்ணெய்ப் போத்தல் அம்மாவின் கையில் அகப்பட்டது. மறுபேச்சில்லாமல் குப்பைக்குள் போனது.

அதனால்தான் இந்தக் கிளினிக்.

மெடிக்கல் கார்ட் என்று எல்லோரும் சொல்கிறார்கள். உண்மையில் அது டொக்டர் கையெழுத்து வைத்த ஒரு தாள், அவ்வளவுதான். ஆனால் டொக்டர் எழுதித் தந்தால் அது மருந்து. தராவிட்டால் கஞ்சா. எங்கள் வீடுகளில் சட்டம் அப்படி. கனடாவின் சட்டமெல்லாம் அதற்குப் பிறகுதான்.

நானும் வருவேன் என்று அம்மா பிடிவாதமாகக் காரில் ஏறியபோதே துவாரகா பயந்துவிட்டாள். டொக்டர் எங்கள் ஆளாக இருந்துவிட்டால், இவள் விடிய விடிய போன் பார்க்கிறாள், அதுதான் நாரிப்பிடிப்பு என்று எதையாவது சொல்லிக் காரியத்தைக் கெடுத்துவிடுவார். இந்தக் கையெழுத்தும் கிடைக்காவிட்டால் இனி எந்த இரவையும் அவளால் தாண்ட முடியாது.

உள்ளே கூப்பிட்டார்கள்.

டொக்டர் ஒரு சீனப் பெண். எங்கள் ஆள் இல்லை என்று கண்டபிறகுதான் அம்மா கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார். கண்கள் சிவந்து வீங்கியிருந்தன. துவாரகா அதைக் கண்டும் காணாததுபோல் இருந்துவிட்டாள்.

கேள்விகள் ஆங்கிலத்தில் மளமளவென்று வந்தன. வலி எப்படி, தூக்கம் எப்படி, குடிப்பழக்கம் உண்டா, கர்ப்பமாக இருக்கச் சாத்தியமுண்டா. அம்மா சட்டென்று நிமிர்ந்தார். இல்லை என்ற பதிலைக் கேட்டபிறகு சாய்ந்துகொண்டார். அவருக்கு ஆங்கிலம் விளங்கும், பேச நா வராது.

டொக்டர் பேனையை எடுத்தார். துவாரகாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

கடைசியாக ஒன்று, என்றார் டொக்டர். அம்மா, அப்பா, கூடப்பிறந்தவர்கள், யாருக்காவது மனச்சிதைவு நோய் இருந்ததா? இல்லாத குரல்கள் கேட்பது, அப்படி ஏதாவது?

"நோ" என்றாள் துவாரகா, கேள்வி முடிவதற்குள்.

அம்மா அவளுடைய முழங்கையைப் பிடித்தார்.

"இல்லையெண்டு சொல்லாத பிள்ளை. எனக்கு இருக்கு. நீ பிறந்த கையோட வந்தது. இப்பவும் அதுக்குத்தான் குளிசை போடுறன், பிரஷருக்கில்லை."

டொக்டர் தலையை நிமிர்த்தி, அம்மா என்ன சொல்கிறார் என்று கேட்டார்.

வங்கியில், பள்ளிக்கூடத்தில், வீட்டுக்காரனிடத்தில், எங்கும் சின்ன வயதிலிருந்தே அம்மாவுக்காக ஆங்கிலம் பேசியவள் துவாரகா. அம்மாவின் டொக்டரிடம் மட்டும் அவளை ஒருநாளும் கூட்டிப்போனதில்லை. ஏன் என்று அவளும் கேட்டதில்லை.

அறையில் தமிழ் தெரிந்தவர்கள் இவர்கள் இருவர்தான். அம்மா பயப்படுகிறார் என்று ஒரு பொய் சொன்னால் கையெழுத்து விழுந்துவிடும். நாரி நெருப்பாய் எரிந்தது. அம்மாமேல் கோபம் வந்தது. கோபம் வந்ததே என்று வெட்கமாகவும் இருந்தது.

அவள் உள்ளதை உள்ளபடி ஆங்கிலத்தில் சொன்னாள்.

டொக்டர் பேனையை மூடினார். தாய்க்கு இருந்தால், இந்த வயதில் கஞ்சா மகளுக்கும் அந்த நோயைக் கிளப்பிவிடக்கூடும், தன்னால் எழுத முடியாது என்றார். வலிக்கு வைத்தியம் செய்யும் வேறோரிடத்துக்கு அனுப்புவதாகச் சொன்னார். நல்ல மனுஷி, தன்மையாகத்தான் சொன்னார்.

அம்மா அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ பிறந்த நேரம், இந்த வருத்தத்தால ஒருத்தரும் உன்னை என்ர கையில தரேல்லை. நாளைக்கு உனக்கொரு பிள்ளை பிறந்தால், அதை நீ என்ர கையில தருவியோ?"

உடனே ஓம் என்று சொல்லவேண்டும் என்றுதான் துவாரகா நினைத்தாள். சொன்னாள்தான். ஆனால் ஒரு மூச்சு பிந்திவிட்டது, அந்த ஒரு மூச்சை அம்மா கண்டுவிட்டார்.