சாயம் ஏற்றிய ரத்தம்

"காய்ஞ்சு போன ரத்தத்துல கிருமி எங்கக்கா வளரும்? வேணும்னா கொஞ்சம் தண்ணி ஊத்திப் பாருங்க."

ஆய்வகத்தில் அவளோடு வேலை பார்ப்பவன் சிரித்தான். அவள் மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நீயே வந்து பாருடா தம்பி."

அது அவள் மகளின் ரத்தம். மலேரியாவில் மகள் இறந்த அன்று காலையில் எடுத்து, கண்ணாடியில் தேய்த்து, சாயம் ஏற்றியது. சாயம் ஏற்றினால் கிருமி செத்து, இருந்த நிலையிலேயே நின்றுவிடும். அன்று சிவப்பணுக்களுக்குள் மோதிரங்கள்தான் தெரிந்தன. கிருமியின் முதல் உருவத்தை ஆய்வகத்தில் அப்படித்தான் சொல்வார்கள். அடக்கம் முடிந்து அவள் வேலைக்குத் திரும்பியபோது மோதிரங்கள் தடித்திருந்தன. இப்போது ஒவ்வொன்றும் பூப்போலப் பிரிந்து, அணுவை முட்டிக்கொண்டிருந்தது.

அவன் குனிந்து பார்த்தான். சிரிப்பு போய்விட்டது.

"வேற யாரோடதோ மாறியிருக்கும்க்கா."

"என் கையெழுத்துடா அது."

மகளுடையது ஏதோ ஒன்றாவது உயிரோடு இருக்கிறதே என்று இத்தனை நாளும் அவள் வயிற்றில் பால் வார்த்ததுபோல இருந்தது. அடுத்த நிலையை அவள் நினைத்துப் பார்க்கவே இல்லை. அணுக்கள் வெடிக்கும். வெடித்ததும் நோயாளிக்குக் குளிர் நடுக்கம் வரும்.

கண்ணெதிரே ஒன்று வெடித்தது. பிறகு பக்கத்தில் இருந்தவையும்.

கையுறையைக்கூடக் கழற்றாமல் வீட்டுக்கு ஓடினாள். வெளியே நல்ல வெயில். பூட்டைத் திறந்தாள். உள்ளறையில் வெறும் கட்டில் தடதடவென்று ஆடிக்கொண்டிருந்தது.

"அம்மா, குளிருதும்மா... இன்னொரு போர்வை போத்திவிடேன்."