அமுதவல்லிக்குப் பிடித்தது

தில்லைநாயகம், அவர் தங்கை செண்பகம், மகள் நிறைமதி. அவர் மனைவி அமுதவல்லியின் முதல் ஆண்டுத் திதியன்று வீட்டில் இருந்தவர்கள் இந்த மூவர்தான்.

இறந்தவருக்குப் பிடித்த பண்டம் ஒன்றைப் படையலில் வைப்பது அந்தக் குடும்பத்து வழக்கம்.

"அம்மாவுக்கு என்னடி பிடிக்கும்? கடைசிவரைக்கும் ஊட்டிவிட்டவ நீதானே," என்றாள் செண்பகம்.

நிறைமதி படத்தில் இருந்த அம்மாவை யாரோ போலப் பார்த்தாள். "தெரியலை அத்தை. எங்க மருத்துவக் கல்லூரி நரம்பியல் தேர்வுல, ஆய்வுக்கு ஆளுக்கு ஒரு நினைவைத் தன் மூளையிலிருந்தே எடுத்துக் கொடுக்கணும். நான் அம்மாவைக் கொடுத்துட்டேன்."

"பெத்தவளையாடி கொடுத்தே?"

"இருக்கிறதிலேயே ஆழமானதைத்தான் கேட்டாங்களாம். அதுதான் ஆழமா இருந்துதுன்னு பதிவேட்டுல எழுதியிருக்கு."

"திருப்பிக் கேளேன்."

"பிரிச்சுப் பார்த்துட்டாங்க அத்தை. இனிமே ஒட்டாது."

செண்பகம் அண்ணன் பக்கம் திரும்பினாள். "நீயாவது சொல்லேண்ணே. முப்பத்தொரு வருஷம் உனக்குப் பரிமாறினாளே."

பதில் தெரிந்தவர் போலத் தில்லைநாயகம் நிமிர்ந்தார். ஆனால் எவ்வளவு துழாவியும் அவள் பரிமாறிய கைதான் நினைவுக்கு வந்தது. அவள் சாப்பிட்டு ஒருநாள்கூடப் பார்த்ததாக நினைவில்லை. இலையில் ஓர் இடத்தை வெறுமையாக விட்டுவிட்டுக் கற்பூரம் காட்டினார்.

மகள் அம்மாவைத் தொலைத்ததால் படையல் குறைபட்டது என்று உறவில் பேசுகிறார்கள். அது பொய். கணவருக்குத் தெரியவில்லை, அதனால்தான் குறைபட்டது.